அந்த ஒரு நாளை ஆற்றுக்குக் கொடுங்கள்

பாங்காக் – பட்டாயா குழுச் சுற்றுலாவுக்கு முன்பணம் கட்டிவிட்டு நாள் எண்ணிக்கொண்டிருக்கும் பெரியவர்களுக்கும், அவர்களைக் கைப்பிடித்து அழைத்துப் போகவிருக்கும் பிள்ளைகளுக்கும்,



உங்கள் கையிலிருக்கும் பயணத் திட்டத்தை நான் பார்த்ததில்லை. ஆனாலும் அதில் என்ன இருக்கும் என்று ஏறக்குறையச் சொல்லிவிடுவேன். நள்ளிரவு விமானம். விடியற்காலையில் இறங்கியதும் தூக்கக் கலக்கத்தோடு நேரே பட்டாயா. மறுநாள் விசைப்படகில் பவளத் தீவு, இரவில் ஒரு நடன நிகழ்ச்சி. பிறகு பாங்காக். வழியில் நவரத்தினக் கடை ஒன்று. வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அங்கே ஒரு மணி நேரம் கட்டாயம். ‘அரை நாள் நகர் உலா’ என்ற பெயரில் இரண்டு கோவில்கள். ஒரு முழு நாள் சஃபாரி வேர்ல்டு. மூன்று வேளையும் ‘நம்ம ஊர்ச் சாப்பாட்டுக்கு உத்தரவாதம்’. கடைசியில் ஒரே ஒரு வரி: ‘ஓய்வு நாள் – சொந்தச் செலவில் ஷாப்பிங்.’

அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்த மடல்.

அந்த நாள் எப்படிப் போகும் என்பதும் தெரிந்ததுதான். பிரதூனாம் துணிச்சந்தையில் பேரனுக்கு யானைப் படம் போட்ட பனியன், பக்கத்து வீட்டுக்குத் தைலப் புட்டி, ஆபீசில் கூட இருந்தவர்களுக்குச் சாவிக்கொத்து. ராத்திரி விடுதி அறையில் பெட்டியைத் தூக்கித் தூக்கிப் பார்த்து எடைக் கவலை. வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெறுங்கையோடு ஊர் திரும்ப நம்மால் ஆகாது. அதற்கு முந்தைய நாள் சாயங்காலம் இரண்டு மணி நேரம் போதும். பகல் முழுவதையும் அங்கே கரைத்தால் பாங்காக்கைப் பார்க்காமலே பாங்காக் போய் வந்ததாக ஆகிவிடும்.

நானும் இப்படியொரு குழுவோடு போனவன்தான். பிறகு தனியாகவும் போனேன். பேருந்து ஜன்னல் வழியே பார்த்ததும் படகிலிருந்து பார்த்ததும் ஒரே ஊர்தானா என்று சந்தேகமே வந்துவிட்டது. காரணம் இருக்கிறது. பாங்காக் சாலைகளை நம்பி எழும்பிய ஊர் அல்ல. முதலாம் ராமர் என்று இப்போது குறிப்பிடப்படும் மன்னர் 1782இல் சாவ் பிரயா ஆற்றின் கிழக்குக் கரையில் தலைநகரை அமைத்தபோது அங்கே போக்குவரத்தெல்லாம் ஆற்றிலும் கால்வாய்களிலும்தான். அரண்மனை, பெரிய கோவில்கள், பழைய சந்தைகள், சீனர் தெரு எல்லாமே ஆற்றிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. சாலை வழியாகப் போனால் நெரிசலில் சிக்கி ஒரு மணி நேரம் ஆகும் இடத்துக்கு, ஆற்று வழியாக அரை மணியில் போய்விடலாம். ஆகவே அந்த ஓய்வு நாளை ஆற்றுக்குக் கொடுங்கள். எப்படிக் கொடுப்பது என்று சொல்கிறேன்.

காலை ஆறரைக்கே கிளம்பிவிடுங்கள். வெயிலுக்கு முன் எவ்வளவு நடக்கிறோமோ அவ்வளவும் லாபம். மேம்பாலத்தில் ஓடும் ரயில் 1999 டிசம்பரிலிருந்து இருக்கிறது. சுலபமானது, எங்கும் ஆங்கிலப் பலகை உண்டு. சியாம் நிலையத்தில் மாறி சுராசக் நிலையத்தில் இறங்குங்கள். அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் சிலோம் சாலையும் பான் சாலையும் சேரும் முனையில் ஒரு ராஜகோபுரம். ஸ்ரீ மகாமாரியம்மன் கோவில். 1879இல் வைத்தி படையாட்சி என்ற தமிழர் கட்டியது. ஏஜெண்டின் திட்டத்தில் இது பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் பேருந்திலிருந்தே கும்பிட்டுக்கொள்ளச் சொல்வார்கள்.

உள்ளே போனால் முதலில் கண்ணில் படுவது கூட்டம். அதில் நம்மவர்கள் கொஞ்சம்தான். வேலைக்குப் போகும் வழியில் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியபடி வந்து, பூமாலையும் தேங்காயும் வாழைப்பழமும் வைத்த தட்டோடு முழந்தாளிட்டிருக்கும் தாய்லாந்துப் பெண்கள்தான் அதிகம். அர்ச்சகர் திருநீறு கொடுக்கும்போது நெற்றியை நீட்டும் பழக்கம்கூட அவர்களுக்கு வந்துவிட்டது. நவராத்திரி முடிந்து விஜயதசமி இரவில் அம்மன் சிலோம் சாலையில் வீதியுலா வரும்போது, அந்த அகலச் சாலையையே அடைத்துவிட்டு இருபுறமும் பூப்பீடங்கள் அமைத்துக் காத்திருப்பார்கள். படம் எடுக்க உள்ளே அனுமதியில்லை. போனை அணைத்துவிட்டு, அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் சொல்லிவிட்டு வாருங்கள்.

சுராசக் நிலையத்துக்குத் திரும்பும்போது மணி எட்டாகியிருந்தால் ஒரு காட்சி கிடைக்கும். ஒலிபெருக்கியில் தேசியகீதம் வரும். ஓடிக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் நின்ற இடத்தில் நிற்பார்கள். நீங்களும் நின்றுவிடுங்கள். மாலை ஆறு மணிக்கும் இதேதான்.

அடுத்த நிலையம் சாபான் தாக்சின். இறங்கினால் காலடியில் சாத்தோன் படகுத்துறை. இங்கே கொஞ்சம் உஷார். நீலக்கொடி கட்டிய சுற்றுலாப் படகுக்கு ஆள் பிடிப்பார்கள். அதுவும் மோசமில்லை; உட்கார இடம் கிடைக்கும், ஆங்கிலத்தில் அறிவிப்பு வரும், காசு கூட. ஊர்க்காரர்கள் போவது ஆரஞ்சுக் கொடிப் படகில். எந்தத் துறையில் ஏறி எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம். நான் கொடுத்தது 16 பாட். அப்போது பாட்டின் மதிப்பு இரண்டரை ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே கீழே ஆடியது, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்தப் படகே ஒரு வேடிக்கை. நீளமான உலோகக் குழாய் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அதைச் ‘சல்சல்’ என்று குலுக்கியபடி ஓர் அம்மாள் வருவார். அதுதான் அவருடைய பணப்பை. நீளவாட்டில் திறந்தால் ஒரு பக்கம் சில்லறை, ஒரு பக்கம் டிக்கெட் சுருள். பின்பக்கத்தில் கையில் கயிற்றோடு நிற்கும் பையன் வாயில் விசில். படகோட்டிக்குப் பின்புறம் தெரியாதே. இவன் ஊதும் ஊதலை வைத்துத்தான் படகைத் துறையில் அணைக்கிறார். ஊதல் நின்றதும் நீங்கள் காலை எடுத்து வைத்துவிட வேண்டும், படகு அதிக நேரம் நிற்காது. பிட்சுக்களுக்கென்று ஓரமாக இடம் ஒதுக்கியிருக்கும். அங்கே போய் உட்காராதீர்கள். முழங்கால் தகராறு உள்ளவர்கள் யோசிக்காமல் நீலக்கொடிக்கே காசு கொடுங்கள்.

வழியில் இடக்கரையில் செந்நிறக் கும்பத்தோடு ஒரு மாதா கோவில் வரும், சாந்தா குரூஸ். போர்ச்சுக்கீசியர் குடியிருப்பு. வலக்கரையில் நினைவுப் பாலம் தாண்டியதும் பாக் குளோங் தலாட், இருபத்து நான்கு மணி நேரமும் நடக்கும் பூச்சந்தை. மல்லிகை மொட்டுகளை ஊசியில் வரிசை பிசகாமல் கோத்து, நுனியில் ரோஜாக் குஞ்சலம் வைத்து, உள்ளங்கையில் அடங்கும் மாலைகளாக அடுக்கியிருப்பார்கள். பூக்கட்டத் தெரிந்த பெண்களை அங்கே இறக்கிவிட்டால் அன்றைய திட்டம் அவ்வளவுதான். அதனால் காலையில் வேண்டாம். திரும்பும்போது நேரமிருந்தால் பாருங்கள்.

நீங்கள் இறங்க வேண்டியது தா சாங் துறை. அரண்மனை. எட்டரைக்குத் திறந்து மூன்றரைக்கு மூடுவார்கள். நுழைவுக் கட்டணம் 500 பாட். கையில்லாத சட்டை, அரைக்கால்சட்டைக்கு அனுமதியில்லை. புடவையும் சுடிதாரும் பிரச்சினையே இல்லை. வாசலுக்கு நூறடி முன்னால் நல்ல உடுப்பில், பணிவாக, நல்ல ஆங்கிலம் பேசும் ஒருவர் உங்களை நிறுத்தக்கூடும். “இன்றைக்கு அரண்மனையில் பூஜை, மத்தியானம்தான் திறப்பார்கள், அதுவரைக்கும் இருபது பாட்டுக்கு டுக்-டுக்கில் வேறு கோவில்கள் பார்த்து வாருங்கள்” என்பார். அந்த டுக்-டுக் கடைசியில் போய் நிற்கும் இடம் நவரத்தினக் கடை. பதில் சொல்லாமல் நடந்து வாசலுக்கே போய்விடுங்கள். திறந்துதான் இருக்கும்.

உள்ளே எல்லோரும் மரகத புத்தரைப் பார்க்க முண்டுவார்கள். பாருங்கள். 66 சென்டிமீட்டர்தான் உயரம், ஆனால் நாட்டின் காவல் தெய்வம். கோடை, மழை, குளிர் என்று மூன்று காலத்துக்கும் மூன்று பொன்னாடைகள். மாற்றுவது மன்னர் கையால். பார்த்துவிட்டு வெளியே வாருங்கள். அசல் விருந்து பிராகாரத்தில் இருக்கிறது.

கோவிலைச் சுற்றி ஓடும் திருச்சுற்றுச் சுவர் முழுக்க 178 ஓவியங்களில் ராமாயணம். ராமாகியென் என்பது அவர்கள் வைத்த பெயர். முதலாம் ராமர் காலத்தில், 1797இல், விரிவாக எழுதப்பட்ட காவியம். வடக்கு வாசலில் தொடங்கி வலமாகச் சுற்றி வந்தால் கதை முடியும். கதை தெரிந்து பார்ப்பவர்களுக்கு இந்தச் சுவர் கொடுக்கும் மகிழ்ச்சி வேறு. நம் குழுக்கள் இந்த இடத்தைப் பத்து நிமிடத்தில் கடப்பதைப் பார்க்கும்போதுதான் எனக்கு வயிறு எரிகிறது. கம்பராமாயணச் சொற்பொழிவுக்கு மாலை மாலையாகப் போய் உட்கார்ந்தவர்கள் நீங்கள். வழிகாட்டி தேவையே இல்லை. வெள்ளைக் குரங்கு அனுமன், பச்சை நிற ராமன், தங்கத் தாளில் மின்னும் கிரீடங்கள், இலங்கைக்கு எரியூட்டும் காட்சி, கடலுக்கு அணை. எல்லாம் உங்களுக்கே புரியும்.

புரியாதவையும் வரும். அங்கேதான் சுவை. இவர்கள் கதையில் சீதை, தோட்சகனுக்கும் மண்டோதரிக்கும் பிறந்த மகள். தோட்சகன் யார் என்கிறீர்களா? தசகண்டன், நம் ராவணன். குலத்துக்கு ஆகாது என்று சோதிடம் சொன்னதால் ஆற்றில் விடப்பட்டு, ஜனகர் கையில் வந்து சேர்கிறாள். அப்பனே மகளென்று தெரியாமல் தூக்கிப் போகிறான் என்றால் கதையின் கனம் எங்கே போகிறது பாருங்கள். ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்துகிறவர்கள் இங்கே கொஞ்சம் மனதைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும்: ராமாகியென் அனுமன் பிரம்மச்சாரி இல்லை. அணை கட்டப் போட்ட கற்களைக் கடலுக்கடியில் யாரோ களவாடுகிறார்கள். போய்ப் பார்த்தால் ராவணன் மகள் சுவர்ணமச்சை, பாதி மீன் பாதி பெண். சண்டை காதலாகி ஒரு பிள்ளையும் பிறக்கிறது. தாய்லாந்துக் கடைகளில் அதிர்ஷ்டத்துக்காக அந்த மீன் பெண்ணின் படத்தை மாட்டி வைத்திருப்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

இன்னொன்றைத் தேடிக் கண்டுபிடியுங்கள். மாயாவி ஒருவன் ராமனைக் கடத்த வரும் இரவில், அனுமன் மலையளவு வளர்ந்து, ராமன் உறங்கும் கூடாரத்தையே வாய்க்குள் வைத்துக் காவல் காக்கிறான். சுவரில் அந்தப் பெரிய வாயும் அதற்குள் ஒரு குட்டி மண்டபமும் தெரியும். பெரிய காட்சிகளுக்குக் கீழே, மூலைமுடுக்குகளில், ஓவியர்கள் தங்கள் ஊரையும் சத்தமில்லாமல் நுழைத்திருக்கிறார்கள்: சோறு வடிப்பவர்கள், சூதாடுபவர்கள், வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள். ராவணன் வதத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லை. வாசல்களில் பூதாகரமாக நிற்கும் பன்னிரண்டு அரக்கர்களில் பச்சை உடம்போடு தலைமேல் தலையாக அடுக்கியிருப்பவன் தோட்சகன். சீதையைத் தூக்கியவனைக் கோவிலுக்குக் காவல் வைத்திருக்கிறார்கள்; எனக்கு அது பிடித்திருந்தது.

பதினொன்றரைக்கு வெளியே வந்துவிடுங்கள். வெயில் அதற்குமேல் பொறுக்காது, பசியும்தான்.

இனிச் சாப்பாடு. இங்கேதான் உங்களோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது. ஐந்து நாளும் புளிசாதம், உருளைக்கிழங்குப் பொரியல், ரசம், அப்பளம். ஊரில் தினம் சாப்பிடுவதை, ஊரில் கிடைப்பதைவிடச் சுமாராக, மூன்று மடங்கு விலையில் சாப்பிட்டு வருகிறோம். பாம்பும் தேளும் போட்டுவிடுவார்கள் என்ற பயம் ஒரு காரணம். வறுத்த தேள் விற்பது காவ்சான் தெரு வண்டிகளில், வெளிநாட்டுப் பையன்கள் படம் எடுத்துக்கொள்வதற்காக. ஊர்க்காரர்கள் மத்தியானம் சாப்பிடுவது சோறும் குழம்பும்.

காவ் கேங் கடை என்று கேளுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு தட்டுகளில் குழம்பும் பொரியலும் வைத்திருப்பார்கள். மொழி தேவையில்லை, விரலைக் காட்டினால் சோற்றின் மேல் ஊற்றித் தருவார்கள். இரண்டு வகை வைத்தால் 50, 60 பாட் ஆகும். தேங்காய்ப்பால், பச்சை மிளகாய், கறிவேப்பிலைக்குப் பதில் நாரத்தை இலைபோல ஓர் இலை, எலுமிச்சைப்புல், சித்தரத்தையின் உறவுக்காரக் கிழங்கு. காரம் நம் நாக்குக்கே சவால். கரண்டி வலது கையில், முள்கரண்டி இடது கையில். முள்ளால் தள்ளிக் கரண்டியால் வாயில் போட வேண்டும். குச்சி நூடுல்ஸுக்கு மட்டும்தான்.

மேசையில் நான்கு சிறு கிண்ணங்கள் இருக்கும்: வறுத்த மிளகாய்த்தூள், மிளகாய் ஊறிய வினிகர், மிளகாய் போட்ட மீன்சாறு, நான்காவதில் சர்க்கரை. சர்க்கரையைக் காப்பிக்கு என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்து மேசைப் பெரியவரைக் கவனியுங்கள்; நூடுல்ஸ் கிண்ணம் வந்ததும் ருசிகூடப் பார்க்காமல் ஒரு கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி மிளகாய், வினிகர் நான்கு சொட்டு என்று போட்டுக் கலக்குவார். சமையல்காரர் பாதி வேலைதான் செய்வார், மீதி சாப்பிடுகிறவர் பொறுப்பு. ஐஸ் போட்ட தண்ணீருக்குப் பயப்படுகிறவர்கள் ஐஸின் வடிவத்தைப் பாருங்கள்: நடுவில் துளையுள்ள குழல் துண்டுகள் ஆலையில் செய்து வருபவை.

சைவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ‘வெஜிடேரியன்’ என்று சொன்னால் சிரித்தபடி தலையாட்டிவிட்டு மீன்சாறு ஊற்றிவிடுவார்கள். ஏமாற்று இல்லை, நாம் உப்பைக் கணக்கில் சேர்க்காத மாதிரி அவர்கள் மீன்சாற்றைச் சேர்ப்பதில்லை. நீங்கள் சொல்ல வேண்டியது ‘கின் ஜே’. சீன வழி பௌத்த விரத உணவு அது: இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது, வெங்காயமும் பூண்டும்கூடக் கிடையாது. மடிச் சமையல்காரர்களே வாயடைத்துப் போவார்கள். அந்தக் கடைகளில் மஞ்சள் கொடி தொங்கும். அதில் சிவப்பில் எழுதியிருக்கும் எழுத்து தூரத்திலிருந்து 17 என்ற எண்போலத் தெரியும். 17 தெரிந்தால் தைரியமாக உட்காருங்கள். சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில், பெரும்பாலும் நம் நவராத்திரியை ஒட்டியே, ஒன்பது நாள் ஜே விழா வரும். அந்தச் சமயத்தில் போகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஊரே மஞ்சள் கொடி.

சாப்பிட்ட பிறகு வாட் போ. அரண்மனைக்குத் தெற்கே பத்து நிமிட நடை. பள்ளிகொண்ட புத்தர் 46 மீட்டர் நீளம். முகத்தை எல்லோரும் படம் எடுப்பார்கள். நீங்கள் பாதத்துக்குப் போங்கள். முத்துச்சிப்பி இழைத்த 108 மங்கலச் சின்னங்கள் கருப்புப் பரப்பில் ஒளிரும். முதுகுப் பக்கம் சுவரோரமாக 108 வெண்கலக் கிண்ணங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு காசு போட்டுக்கொண்டே நடக்கலாம். மண்டபம் முழுக்க அந்தக் காசுச் சத்தம்தான். வெளியே வந்தால் செயற்கைக் குன்றுகளில் சடைமுடியோடு ரிஷிகள் கையையும் காலையும் முறுக்கிக்கொண்டு சிலைகளாக உட்கார்ந்திருப்பார்கள். யோகாசனம் செய்கிறவர்களுக்குப் பல நிலைகள் அடையாளம் தெரியும். மூன்றாம் ராமர் 19ஆம் நூற்றாண்டில் இந்தக் கோவிலை ஒரு திறந்தவெளிப் பாடசாலையாகவே ஆக்கினார். மருத்துவமும் நரம்பு நாடிகளும் கல்வெட்டாகச் சுவரில் இருக்கின்றன. தாய்லாந்து மசாஜின் தலைமைப் பாடசாலை இங்கேதான். புத்தரின் வைத்தியர் ஜீவகரைக் குருவாகக் கும்பிட்டுவிட்டுத் தொடங்கும் கலை. 2019இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. மசாஜ் என்றதும் வாட்ஸ்அப்பில் கேலி செய்யும் நண்பர்களை விடுங்கள். கோவில் வளாகத்துக்குள் மின்விசிறிக்கு அடியில், தொளதொளவென்ற பைஜாமாவைக் கொடுத்து, ஐம்பது வயது அம்மாள் முழங்கையால் உங்கள் தோள்பட்டையைப் பதம் பார்ப்பார். வெயில் மணிகளைக் கழிக்க அதைவிட நல்ல வழி இல்லை.

கால் இன்னும் தாங்கும் என்பவர்களுக்கு ஒரு கிளைவழி. டுக்-டுக் பிடித்தால் சிறிது நேரத்தில் ‘ராட்சத ஊஞ்சல்’: இரண்டு சிவப்புத் தேக்குத் தூண்கள், 21 மீட்டர் உயரம். பழசு உளுத்துப்போய் 2007இல் புதிதாக நிறுத்தியது. பக்கத்திலேயே 1784இல் ஏற்பட்ட தேவஸ்தானம், அரண்மனைப் பிராமணர்களின் கோவில். சிவன் பூமிக்கு வரும் நாட்களில் அவர்கள் நடத்தும் விழாவுக்குத் திரியம்பவாய் என்று பெயர்; அதையடுத்துப் பெருமாளுக்குத் திரிபவாய். திருவெம்பாவை, திருப்பாவை. தமிழ்ப் பாடல்களைத் தலைமுறை தலைமுறையாக ஓதி வருகிறார்கள், பொருள் மறைந்து ஒலி திரிந்து போன நிலையில். அந்த விழாவில்தான் முன்பு இளைஞர்கள் அந்த உயரத்துக்கு ஊஞ்சலாடி, கம்பத்தில் கட்டிய பொற்கிழியைப் பல்லால் கவ்வினார்கள். விழுந்து செத்தவர்கள் உண்டு. 1935இல் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள், ஓதுவது நிற்கவில்லை.

நான்கு மணிக்கு தா தியன் துறையில் சின்னப் படகேறினால் எதிர்க்கரை வாட் அருண். தூரத்திலிருந்து வெண்கோபுரம், கிட்டே போனால் உடைந்த பீங்கான் தட்டுகள். சீனாவிலிருந்து கப்பல்களில் பாரத்துக்காக ஏற்றி வந்த பீங்கான் சில்லுகளைப் பூவும் இலையுமாகப் பதித்திருக்கிறார்கள். படி செங்குத்து, ஏறாவிட்டாலும் குறையில்லை. வாடகைக்குத் தாய்லாந்துப் பட்டுடை உடுத்திப் படம் எடுத்துக்கொள்ளும் கூட்டம்தான் இப்போது அங்கே அதிகம். உங்கள் வீட்டம்மாவுக்கும் ஆசை இருக்கும். கேட்டுப் பாருங்கள்.

மறுபடி ஆரஞ்சுக் கொடி. இருட்டுவதற்குள் ஏறிவிடுங்கள், அந்தப் படகு இரவில் ஓடாது. ராட்சாவோங் துறையில் இறங்கி நேரே நடந்தால் யாவராட், சீனர் தெரு. இன்றைக்கு அரண்மனை நிற்கும் மண்ணில் முன்பு குடியிருந்தவர்கள் இந்தச் சீனர்கள்தான்; 1782இல் அவர்களை இந்தப் பக்கம் பெயர்த்து விட்டார்கள். ஆறு மணிக்கு மேல் தெருவில் நியான் பலகைகள் எரியத் தொடங்கும்; நகைக்கடைகள் கதவை இழுத்து மூட மூட, அதே வாசல்களில் அடுப்புகள் பற்றும்.

ஒரே கடையில் வயிற்றை நிரப்பிவிடாதீர்கள். நான்கு பேர் சேர்ந்து ஒரு தட்டு வாங்குங்கள், பகிர்ந்துகொண்டு அடுத்த கடைக்கு நகருங்கள். அசைவக்காரர்களுக்கு மிளகு தூக்கலான குவாய் சாப் சூப், இரும்புச் சட்டியில் மொறுமொறுவென்று சிப்பி ஆம்லெட், கரியில் வாட்டிய இறால். சைவர்களுக்கும் குறைவில்லை: மணலில் வறுத்த கஷ்கொட்டை, சூடான இஞ்சித் தண்ணீரில் மிதக்கும் எள் பூரணக் கொழுக்கட்டை, மாதுளைச் சாறு. கனோம் க்ரோக் கிடைத்தால் விடாதீர்கள். குழிப்பணியாரச் சட்டியேதான். அரிசி மாவுக் கரைசலை முதலில் ஊற்றி, ஓரம் பிடித்ததும் மேலே கெட்டித் தேங்காய்ப்பாலை விடுகிறார்கள். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே வேகாத பால்கோவாப் பதம். சிலதில் வெங்காயத்தாள், சிலதில் சோளம். ஒட்டரிசிச் சோறும் மாம்பழமும் ஏப்ரல், மே மாதங்களில் போகிறவர்களுக்கு அமிர்தம். உப்புப் போட்ட தேங்காய்ப்பாலை ஊற்றி மேலே வறுத்த பாசிப்பருப்பைத் தூவுவார்கள். பாசிப்பருப்பை அந்த இடத்தில் போட வேண்டுமென்று யாருக்குத் தோன்றியதோ, அவருக்கு என் நமஸ்காரம். முள்நாறிப் பழம் சாப்பிடுங்கள். ஆனால் விடுதிக்குக் கொண்டுபோகாதீர்கள், அபராதம் போடுவார்கள்.

திரும்ப வாட் மங்கோன் சுரங்க ரயில் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது.

அன்றைய கணக்கு: அரண்மனை 500, வாட் போ 300, வாட் அருண் 200 பாட். சாப்பாடும் படகும் ரயிலும் சேர்ந்தாலும் நான் செலவழித்தது ஆளுக்கு 1,600 பாட்டைத் தாண்டவில்லை, மசாஜைத் தவிர. கட்டணங்கள் ஏறியிருக்கலாம், கொஞ்சம் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். சில்லறையாக வையுங்கள். கழற்றி மாட்டச் சுலபமான செருப்பு போடுங்கள். கோவிலுக்குக் கோவில் கழற்ற வேண்டும். கழிப்பறை அரண்மனையிலும் வாட் போவிலும் சுத்தமாக இருக்கும், அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

ஒன்றே ஒன்று பாக்கி. திங்கட்கிழமைகளில் யாவராட்டின் நடைபாதைக் கடைகள் பலவும் விடுமுறை. உங்கள் திட்டத்தை இப்போதே எடுத்து அந்த ஓய்வு நாள் என்ன கிழமையில் விழுகிறது என்று பாருங்கள். திங்களாக இருந்தால் ஏஜெண்டுக்கு இன்றைக்கே போன் போட்டு வேறு நாளோடு இடம் மாற்றித் தரச் சொல்லுங்கள். டிக்கெட் போடுவதற்கு முன்னால் கேட்டால் மாற்றித் தருவார்கள்.

அன்புடன்,
உங்களுக்கு முன்னே போய் வந்த ஒருவன்